மறுபரிசோதனை

"ஏங்க... நில்லுங்க! என் தூண்டில் நரம்பு!"

அவள் துடுப்பை நிறுத்துவதற்குள் நரம்பு அறுந்துவிட்டது. பக்கத்துக் கயாக் படகில் ஒருவன் வெறும் கோலைப் பிடித்தபடி முறைத்தான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ பெரிய ஏரியில என் மேலதான் வந்து விழணுமா?"

"ஏன், உங்க மாமனார் எழுதி வச்ச ஏரியா?"

"மாமனாரே இன்னும் கிடைக்கலைங்க..."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு குப்பியில் தண்ணீர் மொண்டாள். நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை.

"தண்ணிய மட்டும் பாத்தா போதுமா? இதையும் பாருங்க" என்று ஒரு விராலை நீட்டினான். அவன் இமைகளில் மழைத்துளிகள் நின்றன... அவள் மீனைப் பார்க்கவேயில்லை.

ஆய்வகத்தில் பார்த்தாள். விராலில் பாதரசம், வரம்பைப்போல் மூன்று மடங்கு.

அறிக்கை போனால் மறுநாளே ஏரியில் மீன்பிடிக்கத் தடை. பிறகு அவன் எதற்கு வரப்போகிறான்? 'மறுபரிசோதனை தேவை' என்று எழுதினாள். ஒருமுறை அப்படி எழுதலாம், தவறில்லை. அவள் மூன்று முறை எழுதினாள்.

மூன்று சனிக்கிழமைகள்... கயாக்குகள் ஒட்டியே மிதந்தன. "குப்பியம்மா" என்று அவன் கிண்டல் செய்வதைக் கேட்கவே வாரம் முழுக்கக் காத்திருந்தாள். 'அடுத்த வாரம் கொடுத்துவிடலாம்... அடுத்த வாரம்...'

மூன்றாம் சனிக்கிழமை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நாளைக்கு வீட்டுக்கு வாங்களேன். அக்கா உங்களப் பாக்கணுமாம். ஏழு மாசம் அவளுக்கு... நான் பிடிக்கிற விராலத் தவிர வேற எதுவும் வாய்க்குப் பிடிக்கலையாம்."

அவள் அவன் கயாக்கை எட்டிப் பிடித்தாள்.

"அந்த மீனக் குடுக்காதீங்க... அதுல பாதரசம் இருக்கு. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது."

"எப்போ தெரிஞ்சுது?"

"முதல் வாரமே."

"அப்பவே ஏன் சொல்லல?"

பொய் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு... உங்கள எனக்கு அவ்ளோ பிடிச்சுப்போச்சு."

அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் இப்போது அவளுக்கென்று எதுவுமில்லை.

"நானும் அதைச் சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன்" என்றான்.

கயாக்கைத் திருப்பினான். காலையில் கொடுத்தனுப்பிய மீனை அக்கா அடுப்பில் ஏற்றுவதற்குள் போய்ச் சேர வேண்டும்... கரையை நோக்கி வெறிபிடித்தவன்போல் துடுப்பு வலித்தான்.