துவைகல் ஓரத்து வண்டு

காலடி நிழல் மேலே விழுந்தும் அந்த வண்டு ஓடவில்லை. மழை விட்டுப் பொழுது சாயத் தொடங்கிய நேரம். கொடியில் கிடந்த துணியை எடுக்கக் கொல்லைக்கு வந்தவள், துவைகல் ஓரத்தில் குனிந்து பார்த்தாள். தீப்பெட்டி அளவு இருந்தது. கன்னங்கரேலென்ற முதுகில் குறுக்கே இரண்டு ஆரஞ்சுப் பட்டைகள். மீசை நுனியில் இருந்த குட்டிக் குமிழ்கள் வீட்டின் பின்னறைப் பக்கம் திரும்பி, எதையோ முகர்வதுபோல மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

கடிகாரம் பழுதுபார்ப்பவள் அவள். கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து வண்டை மூடி, அடியில் அட்டையைச் செருகி, வேலை மேசைக்குக் கொண்டுவந்து, கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டாள். வண்டின் வயிற்றடியில் பழுப்பு நிற உண்ணிகள் மொய்த்தன. அட்டையின் இடுக்கிலிருந்து, பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம் கசிந்தது.

படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். பூச்சி ஆராய்ச்சிதான் அவனுக்குப் பிழைப்பு. உடனே சிரித்தபடி அழைத்தான்.

"வாட்சைப் பிரிச்சது போதாதுன்னு இப்ப வண்டையும் பிரிக்கப்போறியா? அளவு தெரியணும், பக்கத்துல ஏதாவது வெச்சு இன்னொண்ணு அனுப்பு."

தீப்பெட்டியை வைத்து அனுப்பினாள். அவன் சிரிப்பு நின்றுபோனது.

"பாப்பா, இது புதைவண்டு. செத்த எலி, குருவி எங்க கிடந்தாலும் மோப்பம் பிடிச்சு வந்துடும். அடியில புகுந்து, மல்லாந்து படுத்து, காலாலயே தள்ளிக்கிட்டுப் போகும். அப்புறம் மண்ணைப் பறிச்சு உள்ள இறக்கிடும்."

"எலி ஏதாவது செத்திருக்குமோ, அண்ணா?"



"வழக்கமா கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். இந்த சைஸுக்கு எலி பத்தாதும்மா. வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?"

"இருக்கோம்ணா," என்று வைத்துவிட்டாள். இருந்தார்கள்தான். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த கணவனுக்கு இன்று காலையில்தான் உடம்பு குளிர்ந்தது. "விட்டுடுச்சு" என்றான். அதன்பிறகு சாப்பாடு வேண்டாம் என்றான், தண்ணீரும் வேண்டாம் என்றான். பின்னறையில் பாய் போட்டுப் படுத்தவன், புரண்டுகூடப் படுக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த இலையைத் தரையில் இழுப்பதுபோல, நின்று நின்று, பின்னறையிலிருந்து.

கதவைத் தள்ளினாள். சன்னல் வழியே மங்கிய வெளிச்சம். சுவரோரம் கிடந்த பாய் வெறுமையாக இருந்தது. அவன் அறையின் நடுவில் கிடந்தான், கழுத்துவரை போர்வையுடன். முகம் கூரையைப் பார்த்திருந்தது.

"என்னங்க, ஏன் வெறுந்தரையில கிடக்கீங்க?"

"நான் எங்கயும் போகலையே," என்றான். குரல் தெளிவாகத்தான் இருந்தது. கண் மட்டும் இமைக்கவில்லை.

அருகே மண்டியிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். விநாடி முள் ஒரு சுற்று முழுவதும் சுற்றி வந்தது. விரலுக்கடியில் துடிப்பில்லை. இன்னொரு சுற்று. இல்லை.

"வெளியே மண்ணு குளுகுளுன்னு இருக்கும்," என்றான் அவன்.

போர்வை விளிம்பு லேசாகத் துடித்தது. அவன் கால் அசையவில்லை. கை அசையவில்லை. ஆனாலும் அவன் நகர்ந்தான். ஓர் அங்குலம். கொல்லைக் கதவை நோக்கி. மறுபடி ஓர் அங்குலம்.

கதவின் அடி இடுக்கில் வரிசையாக ஆரஞ்சுப் பட்டைகள். வந்துகொண்டே இருந்தன.

கையை உதறினாள். வரவில்லை. குளிர்ந்த ஐந்து விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி மூடியிருந்தன. கத்தினாள்.

"தனியா அனுப்பாதம்மா."

அவன் தலை முட்டக் கதவு திறந்துகொண்டது. இழுபட்டபடி நிமிர்ந்து பார்த்தாள். துவைகல் ஓரத்தில், அரைமணிக்கு முன்பு அவள் நின்றிருந்த இடத்தில், மண் பொலபொலவென்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

ஆள் நீளம்.

இரண்டு ஆள் அகலம்.