பூ வைத்த விரல்

பெண்ணுக்குப் பூ வைக்கப் போன அன்று செண்பகவல்லியின் விரலில் இருந்தது மோதிரம் இல்லை, துளிமானி. பார்வைக்கு மோதிரம்தான். கட்டைவிரலால் அழுத்தினால் முடியைவிட மெல்லிய ஊசி ஒன்று எட்டிப்பார்த்து, ஒரு துளி ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விடும். கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே, தப்பாக மடிந்த ஒரு புரதம் ரத்தத்தில் தலைகாட்டும். அது இருந்தால் துளிமானி சிவக்கும், நடுக்குவாதம் வரப்போகிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் பச்சை.

அடுத்தவர் ரத்தத்தை அவர் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். தென்காசியில் எந்த மாப்பிள்ளையின் அம்மா சட்டம் பார்த்துச் சம்பந்தம் பேசுகிறாள்?

நறுமுகை முதுகு காட்டி முக்காலியில் உட்கார்ந்தாள். நல்ல அடர்த்தியான கூந்தல். பூச்சரத்தைச் செருகும் சாக்கில் மோதிரத்தை அழுத்தியபோது செண்பகவல்லியின் விரலில் சுருக்கென்றது. கொண்டை ஊசி குத்திவிட்டது போல என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள். பெண் முகம்கூடச் சுளிக்கவில்லை. பரவாயில்லையே, பொறுமைசாலிதான் என்று நினைத்தாள்.

திரும்பும் வழியில், காரில், மோதிரம் சிவந்தது.

மறுநாளே சம்பந்தத்தை முறித்தாள். ஜாதகத்தில் ஏதோ சிக்கல் என்று பெண் வீட்டாரிடம் சொன்னாள். மகன் நன்மாறன் மல்லுக்கு நின்றான், அவனிடமும் அதையேதான் சொன்னாள். தரகர் உலகநாதனிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். அப்புறம் என்ன, ஊருக்கே தெரிந்துவிட்டது. நறுமுகைக்கு வந்துகொண்டிருந்த வரன்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

ஒரு மாலை நறுமுகை தனியாக வந்து வாசலில் நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று செண்பகவல்லி நினைத்தாள். ஆனால் அவள் குரலே உயரவில்லை. ஊர்ப் பேச்சு காதுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் முறைப்படி சோதித்துப் பார்த்தாளாம். பச்சை என்று வந்ததாம்.

"அன்னைக்கு எனக்கு ஊசியே படல அத்தை. எதிர்ல பீரோ கண்ணாடி இருந்துச்சுல்லா, பாத்துட்டுதான் இருந்தேன். உங்க மோதிரம் முடியில மாட்டிப் பொரண்டுச்சு. நீங்கதான் விரல வாயில வச்சீங்க."

இன்னும் அத்தை என்றே கூப்பிடுகிறாள். செண்பகவல்லி கூசிப்போனாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பவே மருந்து எடுத்தா ரொம்ப வருஷம் தள்ளிப்போடலாமாம். அதச் சொல்லத்தான் வந்தேன்."

வேறு யாருக்குத் தெரியும் என்று செண்பகவல்லி கேட்டாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அதைத்தான் கேட்கத் தோன்றியது, வெட்கங்கெட்ட மனசு.

"யாருட்டயும் சொல்லல. உங்க ரத்தம். உங்களக் கேக்காம நான் எப்படிச் சொல்ல?"

நறுமுகை போன பிறகும் செண்பகவல்லி வாசலிலேயே நின்றாள். அந்தப் பெண்மேல் விழுந்த பேச்சு போகவேண்டுமென்றால், நோய் தன்னுடையது என்று ஊருக்குத் தெரியவேண்டும். தெரிந்தால் நன்மாறனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பெண்ணைப் பெற்றவளாக இருந்தால் தானும் கொடுக்கமாட்டாள். அதை நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

தரகருக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை.