ஒரு சீட், ஐந்து விளக்குகள்

செங்கமலம் நேர்காணல் அறைக்குள் நுழைந்தபோது ஆயுட்கணிப்பானின் ஐந்து விளக்குகளும் அணைந்திருந்தன. விளக்குக்கு ஒரு காப்பீட்டு நிறுவனம். விருப்ப மனுவையும் ஒரு சொட்டு இரத்தத்தையும் படித்து, அடுத்த ஐந்தாண்டில் வரக்கூடிய நோய்களைக் கருவி கணிக்கும். ஆளை ஏற்கும் நிறுவனத்தின் விளக்கு எரியும். பதவிக்காலத்தின் நடுவில் சட்டமன்ற உறுப்பினர்கள் இறந்ததால் வந்த மூன்று இடைத்தேர்தல்களில் தோற்ற பிறகு, ஒரு விளக்காவது எரிந்தால்தான் சீட் என்று கட்சி விதி வைத்திருந்தது.

வேலங்குடித் தொகுதிக்கு இரண்டே பேர் மனு கொடுத்திருந்தார்கள். மில் முதலாளியின் மகன் கவின்முகில் கட்சியில் சேர்ந்து இரண்டு மாதம். ‘கட்சிக்காகச் செய்த தியாகங்கள்’ என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். அவனுக்கு ஐந்து விளக்குகளும் எரிந்தன. நிறுவனங்கள் முண்டியடித்துக்கொண்டு தவணையைக் குறைத்தன.

செங்கமலம் அதே இடத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நான்கு முறை சிறை, தடியடி, பதினோரு நாள் உண்ணாவிரதம். கட்சி வழக்கப்படி மருத்துவமனைச் சான்றுகளையும் பெருமையாக இணைத்திருந்தாள். கருவி எல்லாவற்றையும் படித்தது. ஒன்றும் எரியவில்லை.

மாவட்டச் செயலாளர் மாணிக்கவேலு தொண்டையைச் செருமிக்கொண்டார். “கிட்னின்னு காட்டுதும்மா. அந்த உண்ணாவிரதந்தான்.”

“எதுக்கு இருந்தேன்னு ஞாபகம் இருக்காண்ணே?”

அவருக்கு இருந்தது. காப்பீட்டை அரசே நடத்தட்டும் என்று அவர் வாதாடியபோது, போட்டி வந்தால்தான் விலை குறையும் என்று உண்ணாவிரதப் பந்தலில் படுத்தவள் அவள். கட்சி அவள் பக்கம் சாய்ந்தது, தனியார் நிறுவனங்களுக்குச் சந்தை திறந்தது.

“வெல கொறஞ்சுதான் இருக்கு. யாருக்குன்னு நீ அப்ப சொல்லல.”

தான் அன்று கேட்டது தப்போ என்று முதல்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரே ஒரு விலக்குக் கேட்டாள். விதி விதிதான் என்றார் அவர்.

சீட் கவின்முகிலுக்குப் போனது. பிரசாரம் தொடங்க வேண்டிய நாளில் அவனைக் காப்பீடு செய்த நிறுவனம் நிபந்தனைகளை அனுப்பியது. வெயில், கூட்டம், திறந்த வண்டி எதுவும் கூடாது. மீறினால் காப்பீடு ரத்து. காப்பீடு போனால் சீட்டும் போகும்.

மாணிக்கவேலு செங்கமலத்தின் வீட்டுக்கே வந்தார். “நீதாம்மா வண்டில ஏறணும். ஒனக்கு ரத்தாகறதுக்கு ஒண்ணுமில்லையே.”

அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் தொகுதியை எதிர்க்கட்சிக்குத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஏறினாள்.

உச்சி வெயிலில், சந்தைப்பேட்டையில், கீரை விற்கிறவள் வண்டியை மறித்து, வேட்பாளர் எங்கே, முகத்தைக்கூடக் காட்டமாட்டாரா என்று கேட்டாள்.

செங்கமலம் மைக்கை இறக்காமலே பதில் சொன்னாள்.

“வீட்ல இருக்காரும்மா. ரொம்ப நல்லா இருக்காரு.”