மூன்றா, ஆறா?

மொரப்பூர் ஸ்டேஷனில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ரயிலிலிருந்து இறங்கிய ஒருவன் பெரிய பெட்டியோடு ஓடிவந்து, கேட்காமலே அதை ராஜமேரியின் குடைக்குள் நீட்டினான். பெட்டி நனையவில்லை, அவன்தான் தொப்பலாக நனைந்தான். என்ன ஆளோ... ஆனால் அந்தக் கண்கள்! மழையிலும் சிரித்தன.

மறுநாள் கடத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு வேலைக்குப் போனால், அங்கே அவன்! பெயர் ஸ்தனிஸ்லாஸ், மெட்ராஸிலிருந்து வந்த மெக்கானிக். அவனுடைய பெட்டி, காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, தோலுக்கடியில் எத்தனை மில்லிமீட்டர் கொழுப்பு என்று சொல்லுமாம். முகாமுக்கு வருகிறவர்களின் கையில் அவன் பெட்டியை வைத்துப் பார்த்ததும், அதே கையை ராஜமேரி இடுக்கியால் கிள்ளிப் பிடித்து அளக்க வேண்டும்.

வந்தது வினை. முதலில் வந்த மாதுவின் கைக்குப் பெட்டி மூன்று என்றது. இடுக்கி ஆறு என்றது. அடுத்து வந்த குள்ளம்மாளுக்குப் பெட்டியில் ஆறு, இடுக்கியில் பன்னிரண்டு.

"உங்க கைதாங்க தப்பா அளக்குது" என்று அவன் பட்டென்று சொல்லிவிட்டான்.

ராஜமேரிக்கு முகம் சுண்டிப்போனது. தற்காலிக வேலை. சனிக்கிழமை டாக்டர் வந்து பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். திரும்பத் திரும்ப அளந்தாள். அதே ஆறு. இடுக்கி தப்பா, கண் தப்பா? அவன் மேல் கொலைவெறிக் கோபம்... அப்புறம் ஏன் அவன் நிமிர்ந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது? ஒன்றுமே புரியவில்லை.

சனிக்கிழமை அவன் டாக்டரிடம் நெடுநேரம் பேசினான். தன்னைத்தான் போட்டுக்கொடுக்கிறான் என்று வராந்தாவில் நின்றவளுக்கு அழுகை முட்டியது.

வெளியே வந்தவன் தலை குனிந்திருந்தான்.

"தப்பு என்னுதுங்க. நீங்க கிள்ளிப் புடிக்கறப்ப தோல் மடிஞ்சு ரெண்டு அடுக்கா வருது. என் மெஷின் ஒரு அடுக்கைத்தான் பாக்குது. மூணும் சரி, ஆறும் சரி. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

"இது தெரிய மூணு நாளாச்சாங்க?"

"மெஷினப் பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும்..." அவன் தயங்கினான். "நான் உங்களைத்தாங்க பாத்துட்டிருந்தேன். புடிச்சிருக்கு. கட்டிக்கணும்னு ஆசையா இருக்கு."

மூன்று நாள் குழப்பமும் சட்டென்று விலகியது. கோபமில்லை அது. கோபமே இல்லை.

"நாளைக்கு சர்ச்சுல பூசை முடிஞ்சதும் வூட்டுக்கு வாங்க" என்றாள் ராஜமேரி. "அப்பா இருப்பாரு."