மூச்சு இல்லாத ஆல்பம்

கடைசிப் பாட்டின் கடைசி வரியைக் கத்தி முடித்துவிட்டு, தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே வயிற்றைத் தடவிக் காட்டினான். பசி. அவள் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, பாடும் அறைக்குள் பேசுவதற்கான பட்டனை அழுத்தினாள்.

"போதுமாடா?"

"எனக்குப் போதும். உனக்கு?"

"மூணாவது வரிக்கு முன்னாடி மூச்சு ரொம்பக் கேக்குது."

"அதான் வெட்டத்தானே போற? கரடி கத்தினா பரவாயில்லக்கா. கரடி மூச்சு விட்டா கேக்குறவன் பயந்துடுவான்."

சோபாவில் மல்லாந்து கிடந்த டிரம்மர் சிரித்தான். அவனை எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். வாசித்தாலும் பேசினாலும் ஒரே சத்தம்.

"கேக்குறவன்னு யாரைடா சொல்ற? நம்ம ஆல்பத்தைக் கேக்குறது உங்கக்காவும் நானும்தான். அதுலயும் நான் பாதியில தூங்கிடுவேன்."

பொய்யில்லை. 'துரு' என்ற அந்த மெட்டல்கோர் இசைக்குழு இதற்கு முன் போட்ட ஆல்பங்களைக் கேட்டவர்கள் சொற்பம். ஆனால் கேட்டவர்கள் விடவில்லை. கல் சரிவதுபோல விழும் டிரம், அடிவயிற்றில் உரசும் கிடார், திடீரென்று எல்லாம் நின்று அந்த வெற்றிடத்தின் மேல் தம்பியின் அலறல். அந்த அலறலில் மூச்சு என்பதே இருக்காது. இரண்டு வரிகளுக்கு நடுவே அவன் காற்றை இழுக்கும் ஒலியை அவள் நகம் வெட்டுவதுபோல வெட்டி எடுத்து, அங்கே வெறும் அமைதியை வைப்பாள். மனுஷன் பாடுற மாதிரியே இருக்கக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். வெட்டியதை அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. இருமல், சிரிப்பு, 'இன்னொரு தடவை போலாம்' என்ற பேச்சு, மூச்சு எல்லாம் அன்றைக்கே அழிக்கப்பட்டுவிடும்.

அன்றைக்கும் அழித்தாள். அவள் அழித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் இருவரும் பழைய கல்குவாரிக் குட்டைக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். டமாரம் மட்டும் கரையேறி வந்தான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போனபின், அம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் பேசினது ஏதாவது உங்கிட்ட இருக்கா? கத்தினது வேணாம்மா. சும்மா பேசினது."

தேடினாள். அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் பழக்கமில்லை. அவனுடைய போன் குட்டையோடு போயிற்று. ஸ்டூடியோவின் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்த்தாள். அலறல், அமைதி, அலறல். இத்தனை வருஷம் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தாள்.

மிஞ்சியிருப்பது இந்த ஆல்பம் ஒன்றுதான். அதையாவது அவன் ஆசைப்பட்டபடி முடித்து வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று மறுபடியும் ஸ்டூடியோவுக்குப் போனாள். ஜன்னல் இல்லாத அறை. சுவரில் ஒட்டிய பஞ்சு ஈரம் வாங்கி, துவைக்காத போர்வையின் வாடையை விட்டுக்கொண்டிருந்தது. வெளியே நல்ல வெயிலில் லாரிகள் போய்க்கொண்டிருந்தாலும், உள்ளே ஏசியின் மெல்லிய ரீங்காரமும், ஸ்பீக்கர் சும்மா இருக்கும்போது வரும் 'ஸ்ஸ்' என்ற ஒலியும், தன்னுடைய நாற்காலி முனகுவதும் தவிர வேறொன்றும் அவளுக்குக் கேட்கவில்லை.

முதல் பாட்டின் முடிவில் ஒரு நீண்ட அலறல் உண்டு. கிடார் அடங்கும்வரை அது நிற்கும். இப்போது, கிடார் அடங்குவதற்குக் கொஞ்சம் முன்பே நின்றது.

கை தவறி அதிகமாக வெட்டிவிட்டோம் என்று நினைத்து, அன்றைக்கு மூச்சை வெட்டியதும் எடுத்துவைத்து அதன்பின் தொடாத பிரதியைத் திறந்தாள். அதிலும் அப்படித்தான். திரையில் குரலின் கோடு எலிவால்போல மெலிந்து முடிந்தது. மறுநாள் அந்த வால் இன்னும் குட்டையாக இருந்தது. அதற்கடுத்த நாள், சொல்லின் நடுவிலேயே குரல் கம்மி, தொண்டை எதையோ விழுங்கப் பார்த்து, முடியாமல், மறுபடி கத்தப் பார்த்தது.

டமாரத்தை வரச்சொன்னாள். அவன் இப்போதெல்லாம் பேசுவதே இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டான். எந்தப் பாட்டுக்கும் தானாக ஆடும் அவன் முழங்கால் இந்தப் பாட்டுக்கு ஆடவில்லை.

"அக்கா, இவன் இப்படிப் பாடலையே."

"தெரியும்."

"நான் பக்கத்துலதானே இருந்தேன். இப்படிப் பாடல." ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "ஒரே ஒரு தடவை தண்ணிக்கு மேல வந்தான்க்கா. போலீஸ்கிட்டகூட சொல்லல. அப்ப இப்படித்தான் இழுத்தான். இதே சத்தம்."

அதன்பிறகு அவன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டாள். அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் குரல் முன்னைவிடக் குறைந்த காற்றோடு ஆரம்பித்தது. அவள் வெட்டிய இடமெல்லாம் வெட்டிய இடமாகவே இருந்தது. அங்கே இழுப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் பாடிக்கொண்டிருந்தான்.

எழுந்து பாடும் அறைக்குள் போனாள். மைக்கின் முன்னால், எச்சில் தெறிக்காமலிருக்க வளையத்தில் கட்டியிருக்கும் கறுப்புத் துணிக்கு அருகே வாயை வைத்து, ஆழமாக மூச்சை இழுத்து, விட்டாள். ஓர் இடைவெளிக்கு ஒரு மூச்சு. திரும்பி வந்து ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைத்தாள். பாட்டை ஓடவிட்டாள்.

குரல் நிமிர்ந்தது. கிடார் அடங்கும்வரை, அதற்கப்பாலும் நின்றது. அவள் மேஜையில் தலையைச் சாய்த்து, அவன் போனபிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

அடுத்த பாட்டுக்கும் கொடுத்தாள். அதற்கடுத்ததற்கும்.

வீடு திரும்பும்போது மூச்சு வாங்கி, மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சட்டை இறுக்கமாக இருப்பதுபோல மேல்பட்டனைத் திறந்துகொண்டே இருந்தாள். மறுநாள் பதிவைக் கவனித்துக் கேட்டபோது, அவள் உள்ளே இழுத்த மூச்சுதான் இருந்தது. வெளியே விட்டது எதுவும் அதில் இல்லை. விட்டிருந்தாள். விட்டது நினைவிருந்தது.

போதும் என்று நினைத்தாள். இன்றோடு போதும். செய்ததைக் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று ஸ்பீக்கரில் போட்டாள். அலறல். அவளுடைய மூச்சு. அலறல். அவளுடைய மூச்சு. பிறகு, எதுவும் வைக்காத ஓர் இடத்தில், கத்தாத குரல்.

"அக்கா. இன்னும் கொஞ்சம்."

சாதாரணமான குரல். சாப்பாட்டுத் தட்டை நீட்டிக் கேட்பானே, அந்தக் குரல்.

கீழே குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரின் விளக்கு அணையவில்லை.

"யாரு அது?"

கதவருகே அம்மா. கையில் மதியச் சாப்பாட்டுப் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"யாரும் இல்லம்மா. நீ வீட்டுக்குப் போ."

"எம்புள்ள குரல் எனக்குத் தெரியாதா?" அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "உங்கிட்ட என்னடி கேக்குறான்?"

"அம்மா, வேணாம். நான் சொல்றதக் கேளு."

"கேட்டா கொடுக்க மாட்டியா? கூடப் பொறந்தவதானே நீ?"

பையைத் தரையில் வைத்துவிட்டு அம்மா பாடும் அறைக்குள் போனாள். கனத்த கதவு சத்தமில்லாமல் பொருந்திக்கொண்டது. அவள் எழுந்தாள். நெஞ்சில் காற்றில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

"அம்மா, வெளிய வா. அது அவன் இல்லம்மா."

"நீ சும்மா இரு." ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் மிக அருகில் கேட்டது. "புள்ளைக்கு மூச்சு முட்டுது. இந்தாடா, கண்ணு."

அம்மா இழுத்தாள்.

பிளக் தரையில் கிடந்தது. திரையில் பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்புப் புள்ளி எரிந்தது. இடைவெளிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. முதல் பாட்டு. இரண்டாம் பாட்டு. தம்பி கத்தினான். உயிரோடிருந்தபோதுகூட அப்படிக் கத்தியதில்லை. கண்ணாடி அதிர்ந்தது. அம்மா மறுபடி இழுத்தாள். மறுபடி. தோள்கள் ஏறின. இறங்கவில்லை.

அவள் தவழ்ந்து போனாள். கதவின் பிடி உயரத்தில் இருந்தது. எட்டவில்லை. எட்டியது. வழுக்கியது. இழுத்தாள்.

கதவு திறந்தபோது ஆல்பம் முடிந்திருந்தது.

அம்மா ஸ்டூலில் நேராக உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. வாய் அந்தக் கறுப்புத் துணிக்கு அருகே, ஏதோ சொல்லி முடித்ததுபோல. அவள் அம்மாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு துணியைப் பார்த்தாள். அது மைக்கின் பக்கமாகக் குழிந்திருந்தது, ஒரு வாயளவுக்கு.

ஆட்கள் வந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மின்சாரக்காரர் வந்து ஸ்டூடியோவுக்கான இணைப்பையே துண்டித்துவிட்டுப் போனார். துணி குழிந்தபடியே இருக்கிறது.