சாப்துவின் மதியச் சோறு

தொழிற்சங்க அலுவலகத்துக்கு மீடா அழுதுகொண்டு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

"கக், என் புருஷன் சாப்து நோன்பு மாசத்துல குடிச்சிட்டு லோரிய எடைமேடைத் தூண்ல மோதிட்டாராம். இன்னைக்கு விசாரிச்சு வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க. குடியிருக்கிற வீடும் ஆலையோடது."

சங்கத்தின் விசாரணைகளைக் கவனிக்கும் மைமூன், எல்லாருக்கும் 'கக்', அதாவது அக்கா, நிமிர்ந்து பார்த்தார். உதவியாளர் அ லியோங் அதற்குள் கார்ச் சாவியை எடுத்துவிட்டார். தலை நரைத்தும் அவருக்கு ஒவ்வொரு வழக்கும் திருவிழா.

"குடிப்பானா?"

"வாசமே ஆகாது. அவருக்குச் சர்க்கரை, கக். காலையில ஊசி போட்டா மதியம் கட்டாயம் தின்னாகணும். நோன்பு வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டார். இவருக்கு வெட்கம். சீட்டுக்கு அடியில துணி சுத்தி ஒளிச்சு வெச்சுத் தின்பார். நேத்து டப்பாவே காணோமாம். கேன்டீனும் பூட்டியிருக்கு, யார்கிட்டப் போய்க் கேப்பார்?"

"டப்பால என்ன?"

"எப்பவும் மீனுதான். நேத்து மட்டும் பெத்தாய் சம்பல். அந்தக் கொட்டைக் காரம்னா அவருக்கு உசிரு."

செம்பனை ஆலையில் இறங்கியதும் மைமூன் அ லியோங்கிடம், "குழாயடி எல்லாம் பாத்துட்டு வா," என்றார்.

"பிரேக்கத்தான் பாக்கணும் கக், அதுலதான் சதி..."

"குழாயடி."

அ லியோங் முணுமுணுத்துக்கொண்டே போனார். சாப்துமேல் புகார் கொடுத்த மேற்பார்வையாளன், மண்டோர் கமாருலின் கொட்டகைக்குப் பின்னால், கழுவிக் கவிழ்த்த நீல டப்பா ஒன்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அலுவலக வாசலில் சாப்துவுடன் உட்கார்ந்திருந்த மீடா, அவர் அதைக் கொண்டுவந்து காட்டியதும், "நம்மளுது," என்றாள். அ லியோங் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு விசாரணை நடந்துகொண்டிருந்த மேலாளர் அறைக்கு ஓடினார். கண்ணாலேயே அவர் வாயை அடைத்துவிட்டு மைமூன் கேள்வியைத் தொடர்ந்தார்.

மேலாளர் கொட்டாவி விட்டார். கமாருல் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். நோன்பு மாதத்தில் அவன் குரல் இரண்டு பங்காகிவிடும். யார் எச்சில் விழுங்கினார்கள் என்றுகூடப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"தள்ளாடிக்கிட்டே இறங்குனான். நாக்குக் குழறுது. எங்கம்மாவ இழுத்துத் திட்டுறான். குடி இல்லாம வேற என்ன?"

"அப்புறம்?"

"விழுந்துட்டான். எடைமேடைக் கிளார்க்கு சீனித் தண்ணி ஊத்துனா. கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு, 'லோரிக்கு என்னாச்சு'ன்னு கேக்குறான். நடிப்பு!"

"லோரிக்குள்ள பாத்தியா? பாட்டில் கிடந்துதா?"

"அந்தக் குப்பை வண்டில நான் காலே வெச்சதில்ல."

"உள்ள சாப்பாடு வெச்சிருந்தானாம். காணாமப் போச்சாம்."

"சாப்பாடு! ஊரே தொண்டை காஞ்சு கிடக்கு, துரைக்குப் பெத்தாய் சம்பல் கேக்குதோ?"

அ லியோங்கின் உடம்பு சிலிர்த்தது. மைமூன் அவசரப்படவில்லை.

"சீனித் தண்ணி குடிச்சுத் தெளியிற குடிகாரன எங்கயாவது பாத்திருக்கியா, கமாருல்? அது ரத்தத்துல சர்க்கரை இறங்குன மயக்கம். ஊசி உள்ள வேலை செய்யுது, வயித்துல சோறு இல்ல. மூளை தடுமாறும், நாக்கும் தடுமாறும். சரி, நான் சாப்பாடுன்னுதான் சொன்னேன். பெத்தாய்னு உனக்கு யார் சொன்னா?"

"அது... வாசம் வந்துச்சு."

"கால் வெக்காத வண்டிலருந்தா?"

அ லியோங் டப்பாவை மேசைமேல் வைத்தார். "உன் குழாயடில கிடந்துச்சு!"

கமாருல் நெற்றியைத் துடைத்தான். "பாவம் பண்ண விடக்கூடாதுன்னு எடுத்தேன். நல்லதுக்குத்தான்."

"சரி, எடுத்த. சோறு எங்க?"

"கொட்டிட்டேன்."

"கொட்டுறவன் டப்பாவத் தூக்கி எறிவான், கமாருல். தின்னவன்தான் கழுவி வெப்பான். திருடித் தின்னுட்டு, பசில விழுந்தவனக் குடிகாரன்னு சொல்லியிருக்க. உனக்கு நோன்பு ஒரு கேடா?"

மேலாளர் கொட்டாவியை நிறுத்தினார். "சரி சரி, வேலை நீக்கம் ரத்து. மண்டோர் விஷயத்த நாங்க உள்ளுக்குள்ள பேசிக்கிறோம். தூணுக்கான செலவு மட்டும் சாப்து..."

"தூண் செலவ உங்க மண்டோர் சம்பளத்துல பிடிங்க."

வாசலில் சாப்து தலை தொங்க உட்கார்ந்திருந்தான். நெற்றி வியர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின. மைமூன் அவனையும் விடவில்லை.

"ஊசி போட்டியா?"

"போட்டேன், கக்."

"தின்னியா?"

"எல்லாரும் பாக்குறாங்க..."

"பாக்கட்டுமே! நீ செத்தாலும் வந்து பாப்பாங்க. திருட்டுத்தனமாத் தின்னதாலதான ஒருத்தன் திருடுனான்? உள்ள வா, மடையா."

மேலாளரின் பளபளப்பான மேசையிலேயே மீடா கையோடு கொண்டுவந்திருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். காகிதங்களில் குழம்பு வழிந்தது. மேலாளர் முகம் சுளித்தார். கமாருல் சுவரைப் பார்த்தான். முதல் பிடியை எடுக்கச் சாப்துவின் கை கூசியது. அடுத்த பிடிக்கு அவன் யாரையும் பார்க்கவில்லை.