தொட்டாச்சு, தலைவரே!

"வாரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடுங்க. போன தடவை மாதிரி இடது தோளை நசுக்கி வெச்சிராதீங்க" என்று கிடங்குப் பொறுப்பாளரிடம் கண்டிப்பாகச் சொல்லி, தன் உடம்பை ஒப்படைத்துவிட்டு, இளவெயினி செவ்வாய்க் கிரகத்துக்குக் கிளம்பினாள்.

குமரித்திட்டு என்ற அந்த மிதவை நாட்டில் தூரப் பயணம் போகிற சாதாரண ஜனங்கள் இப்படித்தான் போவார்கள். உடம்பு ஊரிலேயே உறங்கும். மனம் மட்டும் அலையாகிப் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு வாடகைக்கூட்டில் புகுந்து வேலையைப் பார்க்கும். அந்தக் காலத்தில் சித்தர்கள் செய்ததாகச் சொல்வார்களே, அதையேதான் இப்போது வரிசையில் நின்று டோக்கன் வாங்கிச் செய்தார்கள். கூடுபாய்ச்சல் என்று பெயர்.

இளவெயினி தேசியத் தொடு ரக்பி அணியின் கேப்டன். அந்த ஆட்டத்தில் யாரும் யாரையும் கீழே தள்ளுவதில்லை. பந்தோடு ஓடுகிறவரை எதிரணி ஆள் தொட்டால் போதும். தொடப்பட்டவர் அங்கேயே நின்று, பந்தைத் தரையில் வைத்து, அதைத் தாண்டிக் கால் வைக்கவேண்டும். பின்னால் நிற்கும் கூட்டாளி எடுத்துக்கொண்டு ஓடுவார். இதற்காகத் திட்டின் இரும்புத் தளத்தில் பெண்களும் ஆண்களுமாகப் பதினான்கு பேர் மூன்று வருடம் முட்டி தேயப் பயிற்சி எடுத்திருந்தார்கள். குமரித்திட்டு அதுவரை பன்னாட்டுப் போட்டியில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. இந்தத் தடவை, செவ்வாயில் நடக்கும் போட்டியிலாவது, தன் பசங்க பேரை நாடே சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

செவ்வாய்க்குப் போய்க் கண்ணைத் திறக்கப் பார்த்தாள். திறக்கக் கண்ணே இல்லை! பதினான்கு பேரும் நிலையத்தின் மனப்பேழைக்குள் அடைந்து கிடந்தார்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு கேமரா, ஒரு ஒலிபெருக்கி, வேறொன்றும் கிடையாது. கேமராவுக்கு எதிரே தொடு ரக்பிக் கூட்டமைப்பின் தலைவர் பரஞ்சோதி, சொந்த உடம்போடு, சொந்தத் தொந்தியோடு நின்றுகொண்டிருந்தார்.

"கூடெல்லாம் எங்க தலைவரே?"

"அதை ஏம்மா கேக்குற! வாடகைக்கூட்டுக் கோப்பு கையெழுத்துக்குப் போச்சு. அதுக்குள்ள எங்க கப்பல் டிக்கெட் வேலை வந்துருச்சு. அந்த அவசரத்துல விட்டுப்போச்சு."

கப்பலில் உடம்போடு வருவது பெரிய மனிதர்களுக்கு மட்டுமே வாய்க்கும். நிர்வாகிகள் பதினான்கு பேரும் அப்படித்தான் வந்திருந்தார்கள், குடும்ப சமேதராக.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? கலந்துக்கிட்டதே பெருமைதானே!" என்றார் பரஞ்சோதி. "நாங்க கொடி பிடிச்சு ஒரு சுத்து நடந்துர்றோம். சாயங்காலம் எரிமலை பாக்கப் போறோம். உங்க பெட்டியையும் வேணா தூக்கிட்டு வரச் சொல்றேன்."

இளவெயினிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எரிமலையாம், எரிமலை! அப்போதுதான் அவர் கழுத்தில் தொங்கிய அட்டை கேமராவில் பட்டது. 'வீரர்' என்று போட்டிருந்தது. வீரர்களுக்குத்தான் கப்பலில் இலவச இடம், வேளாவேளைக்கு விருந்து. அதனால் நிர்வாகிகள் எல்லோரும் தங்களை வீரர்கள் என்றே பதிந்துகொண்டிருந்தார்கள். காலங்காலமாக நடப்பதுதான், யாரும் கேட்டதில்லை.

ஒலிபெருக்கி கிழியும்படி கத்தினாள். "நடுவரே! இங்க வாங்க! ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது, பதினாலு வீரருங்க சும்மா நின்னு பழரசம் குடிக்கிறாங்க!"

நடுவர் ஓர் இயந்திரம். சக்கரத்தில் உருண்டு வந்து அட்டைகளைப் பார்த்தது. "அட்டை அணிந்தவர் களம் இறங்காவிட்டால் நாட்டுக்குப் பத்தாண்டுத் தடை. ஒன்று நீங்கள் ஆட வேண்டும். அல்லது கூட்டை உங்கள் அணிக்குக் கொடுக்க வேண்டும்" என்றது.

பரஞ்சோதி களத்தை எட்டிப் பார்த்தார். எதிரணியினர் வாடகைக்கு எடுத்த வாட்டசாட்டமான கூடுகளில் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நேரே பேழைப் பக்கம் நடந்தார்.

அரைமணி நேரத்தில் மனங்கள் இடம் மாறின. தலைவரின் உடம்புக்குள் புகுந்த இளவெயினி முதலில் மீசையைத் தடவிப் பார்த்தாள், பிறகு தொந்தியைத் தூக்கிப் பார்த்தாள். செவ்வாயில் எடை பாதிக்கும் குறைவு என்பதால் பிழைத்தாள். அணியின் இளைய ஆட்டக்காரன் முபாரக்குக்குச் செயலாளர் சிகாமணியின் உடம்பு கிடைத்திருந்தது.

"அக்கா, குனிஞ்சா கால் தெரியலக்கா. நின்ன எடத்துலயே மூச்சு வாங்குது!"

"நாம எதுக்குடா ஓடணும்? பந்து ஓடட்டும். ஆட்டம் நம்ம மூளையிலதான இருக்கு, இந்த மனுசங்க தொந்தியிலயா இருக்கு?"

அப்படியே ஆடினார்கள். கிழட்டுக் கூடுகளைப் பார்த்துச் சிரித்த எதிரணி, யாருக்குப் பந்து போகிறதென்று கண்டுபிடிப்பதற்குள் கோடு தாண்டிப் பந்து விழுந்திருந்தது. "ஐயோ, என் முட்டி! மெதுவா ஓடும்மா!" என்று பேழைக்குள்ளிருந்து பரஞ்சோதி அலறினார். "உங்க முட்டிக்கு இன்னிக்குத்தான் வேலை வந்திருக்கு, பேசாம இருங்க!" என்று அவர் வாயாலேயே பதில் சொல்லிவிட்டு இளவெயினி ஓடினாள். போட்டி முடிவதற்குள் குமரித்திட்டு மூன்றாம் இடத்தைப் பிடித்து வெண்கலக் கோப்பையை வாங்கிவிட்டது. குமரித்திட்டு! நம்ப முடிகிறதா?

மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, ஊரில் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அவள் தெளிவாகவே சொன்னாள். "நான் பரஞ்சோதி இல்ல. இது அவரு உடம்பு, அவ்வளவுதான். ஆடுனது பூராவும் எங்க பசங்க. கோப்பை அவங்களோடது!"

தலைவர் தன் உடம்பையும் அதன் கையிலிருந்த கோப்பையையும் வாங்கிக்கொண்டு கப்பலேறினார். கப்பல் வந்துசேர மூன்று வாரம். இளவெயினியோ பத்து நிமிடத்தில் ஊர் திரும்பி, கிடங்கில் கண் விழித்து, கடைத்தெருவுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தெருவுக்குத் தெரு கோப்பையோடு பரஞ்சோதி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில், 'ஆடியது என் பசங்க!'

"அது நான் சொன்னதுங்க!" என்றாள், பக்கத்தில் நின்ற பழக்கடைக்காரரிடம்.

"போம்மா அங்கிட்டு. மேடையில நின்னு தன் பேரே தன்னோடது இல்லைங்கிறாரு, எப்பேர்ப்பட்ட அடக்கம்! அவருகிட்டப் போயி பங்கு கேக்குறியே!"

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே பிடிவாதமும் வந்தது. கப்பல் வந்த அன்று அணியை அழைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். மாலை, மேளம், வெடி! பரஞ்சோதி கோப்பையை நெஞ்சோடு அணைத்தபடி மேடையேறினார். இளவெயினி கூட்டத்தில் இடைவெளி பார்த்தாள், புகுந்தாள், காவலர்கள் இரண்டு பேருக்கு நடுவே நழுவி மேடையேறி, அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"தொட்டாச்சு!"

கூடுபாய்ச்சலில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. வந்து போன மனம் பழக்கியது, கூட்டில் சில மாதம் ஒட்டிக்கொண்டிருக்கும். பரஞ்சோதியின் உடம்பு சட்டென்று நின்றது. குனிந்து கோப்பையைத் தரையில் வைத்தது. அதைத் தாண்டி ஒரு எட்டு வைத்தது. அவர் என்ன நடந்ததென்று விழிப்பதற்குள் முபாரக் பின்னாலிருந்து கோப்பையை அள்ளி இளவெயினியிடம் வீசினான்.

"பாத்தீங்களா!" என்று முன்வரிசையில் ஒருவர் தழுதழுத்தார். "கோப்பையைக் கீழ வெச்சுட்டு ஒதுங்கி நிக்கிறாரு! மனுசனா இவரு, தெய்வம்!"

துறைமுகமே எழுந்து நின்று கைதட்டியது. இளவெயினி மேடை விளிம்பில் திரும்பி நின்று கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கினாள். "நல்லாத் தட்டுங்க! கோப்பை எங்க கையில இருக்கு. வேணும்னா உங்க தெய்வத்தை ஓடி வந்து தொடச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டு, மற்ற பதிமூன்று பேரும் பின்தொடரக் கீழே குதித்து ஓடினாள்.

இவ்வளவு துணிச்சலான பிள்ளைகளை வளர்த்தெடுத்த தலைவருக்காகக் கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.